பூச்சிமருந்தும் சந்தான விருத்தியும்

ஐக்கிய அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாகாணத்தில் லாத்ரப் என்னும் ஊரில், பயிர்களின் வேரைத் தாக்கும் நூற்புழுக்களைக் கொல்லும் டி.பி.சி.பி. என்ற மருந்து ஒரு தொழிற்சாலையில் தயாரிக்கப்பட்டு வந்தது. அங்கே வேலை செய்த ஆண்களிற் பலருக்குக் குழந்தைகள் பிறக்கவில்லை. இது தற்செயலன்று என அவர்களே ஐயுற்றதன் பேரில் 1977-ஆம் ஆண்டில் பரிசோதனை நடைபெற்றது. பலருடைய விந்தில் அணுக்கள் மிகக் குறைந்தும், சிலரிடத்தில் அறவே இல்லாமலும் காணப்பட்டன. மிகவும் குறைந்திருந்தவர்கள் மூன்று ஆண்டுகளேனும் அம்மருந்தோடு பழகியவர்கள். மற்றபடி அவர்கள் திடகாத்திரமாகவே இருந்தனர். வலியோ காய்ச்சலோ இல்லாமையால் கேடு வெளிப்படவில்லை. வேலையை விட்டபின் சிலர் தேறினர், சிலர் தேறவேயில்லை.

எலி முதலிய பிராணிகளின் விதைகள் இம்மருந்தாற் சுருங்குகின்றன என்பது 1961-லேயே அச்சில் வெளிவந்திருந்தும் எச்சரிக்கை செய்யப்படாதது வருந்தத்தக்கது. ஹவாய்த் தீவுகளின் அன்னாசித் தோட்டங்கள் நீங்கலாக, 1979-ல் அந்நாட்டில் இதன் உபயோகம் நிறுத்தப்பட்டது.

உணவிலுள்ள உலோகச் சத்துக்கள் இத்தகைய கேட்டைத் தடுக்குமா என்று கேட்பவர் உளர். விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாட்கள் ஆகின்றன. அதற்குத் துத்தநாகமும் செலினியமும் இன்றியமையாதவை. ஈரான் தேசத்து ஷிராஸ் நகரத்தில், புளிக்காத கோதுமை ரொட்டியையே பெரும்பாலும் உண்டு வந்த வாலிபர்கள் சிறுவரைப்போல் வளர்ச்சி குன்றிப் பருவமடையாமலிருந்ததை 1961-ல் மருத்துவர்கள் வெளியிட்டனர். துத்தநாகக் குறைவே அதற்கு முக்கிய காரணமென்று பின்னர்த் தெளிந்தது. தானியங்களிலுள்ள பைடேட் என்னும் பொருள் துத்தநாகத்தை உடலிற் சேரவொட்டாமல் தடுக்கிறது. பயறுகளை ஊறவைத்து முளைகட்டினாலும், மாவைப் புளிக்கவைத்தாலும் அத்தடை குறையும். எள், கடலை, முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில் இச்சத்து உண்டு.

பூச்சிமருந்து ஊட்டிய எலிகளுக்கு இச்சத்துக்களைக் கொடுத்தபோது சேதம் குறைந்ததும் உண்மையே. ஆயினும் எள்ளுருண்டையை நம்பி வெறுங்கையால் மருந்து கலக்கலாகாது. செலினியம் மிகுந்தால் அதுவே விஷமாகி, மயிரும் நகமும் உதிரும்.

மருந்து உட்புகும் வழிகளுள் தோல் முக்கியமானது. பாரத்தியான் மருந்தைக்கொண்டு மனிதரிடம் செய்த சோதனையில், விதைப்பையின் தோல் முன்கையைக் காட்டிலும் பத்து மடங்குக்கு மேலாக உறிஞ்சிற்று. ஆகையால் தெளிப்பான் ஒழுகி அரையுடை நனைந்தால், மாலைவரை அப்படியே நிற்காமல் உடனே களைந்து சோப்பிட்டுக் குளிக்கவேண்டும். அவ்வுடையை வீட்டார் துணிகளோடு சேர்க்காமல் தனியே துவைத்தல் வேண்டும்.