பழிச்சொல்லும் காப்பு மருந்தும்

ஒரு நோய்க்குத் தக்க மருந்து கண்டுபிடிக்கப்பட்டவுடன், அந்நோய் ஒழிந்ததென்றே நாம் மகிழ்கின்றோம். மருந்துக்கும் மனிதனுக்குமிடையே ஊரார் நாவென்னும் பெருந்தடை நிற்பதை மறந்துவிடுகின்றோம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தின் வரலாறே இதற்குச் சான்றாகும்.

டெனோபோவிர், எம்ட்ரிசிடபின் என்னும் இரு மருந்துகள் சேர்ந்த மாத்திரையை, நோயற்ற ஒருவர் நாள்தோறும் தவறாது உட்கொள்வாராயின், உடலுறவினால் அக்கிருமி தொற்றும் அபாயம் நூற்றுக்கு 99 பங்கு குறையும். கிருமி உட்புகுந்தாலும் பெருகவொட்டாது இம்மருந்து தடுக்கும். அமெரிக்க அரசாங்கம் இதனை 2012இல் அங்கீகரித்தது. அபாயம் மிகுந்தோர் யாவருக்கும் இதனை அளிக்குமாறு உலக சுகாதார நிறுவனம் 2015இல் பரிந்துரைத்தது.

ஆயினும், 2009 முதல் 2012 வரை தென்னாப்பிரிக்கா, உகாண்டா, சிம்பாப்வே நாடுகளில் 5,029 பெண்களிடையே நடைபெற்ற 'வாய்ஸ்' ஆராய்ச்சியில் விளைந்ததென்ன? மருந்தைத் தவறாது கொள்வதாகவே பெரும்பாலோர் கூறினர். இரத்தத்தைச் சோதித்தபோதோ, நூற்றுக்கு 30 அல்லது அதற்கும் குறைவான சோதனைகளிலேயே மருந்து காணப்பட்டது. உட்கொள்ளாத மருந்து காப்பதெங்ஙனம்?

காரணங்கள் பலவாயினும், பழிக்கு அஞ்சுதல் அவற்றுள் முக்கியமானதொன்று. நோயற்றோரைக் காக்கும் அம்மருந்துகளே நோயுற்றோர் சிகிச்சைக்கும் பயன்படுகின்றன. ஆதலின், மாத்திரைக் குப்பியைக் காண்போர், "இவளுக்கு அந்நோய் உண்டு" என்பர். சிலர் நடத்தையையும் ஐயுறுவர். இவ்வச்சம் வீணானதன்று. தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில், தமக்கு அக்கிருமி உண்டென்று வெளிப்படையாகக் கூறிய குகு டிலாமினி என்னும் பெண்மணி, 1998 டிசம்பரில் அடித்துக் கொல்லப்பட்டார்.

ஆறு மாதத்திற்கொருமுறை செலுத்தும் லெனகாபவிர் என்னும் ஊசிமருந்தைப் பெற்ற தென்னாப்பிரிக்க, உகாண்டா இளம்பெண்கள் 2,134 பேருள் ஒருவருக்கேனும் தொற்று நேரவில்லையென 2024இல் வெளியாயிற்று. வீட்டில் ஒளித்துவைக்கக் குப்பி இல்லை; இது பெருநன்மையே. எனினும், ஊசி குப்பியை மறைக்குமேயன்றி, ஊரார் உள்ளத்தை மாற்றாது. மருத்துவமனை வாயிலை மிதிக்க அஞ்சுவோருக்கு அவ்வூசியும் எட்டாக்கனியே.

நம் நாட்டில் இக்கிருமி 1986இல் சென்னையிலேதான் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினரால் முதன்முதல் கண்டறியப்பட்டது. ஆதலின் இஃது அயலார் விஷயமென்று நாம் வாளாவிருத்தல் தகாது. யாவரும் தொட அஞ்சிய குஷ்டரோகியை நம் ஆண்டவர் கைநீட்டித் தொட்டாரென்று வேதபாட வகுப்பில் கற்றோம். மாணவ நண்பர்களே, மருந்து செய்தல் விஞ்ஞானிகளின் கடமை. அதனை ஒருவர் நாணமின்றிக் கையில் வாங்கச் செய்தல் நம் கடமை. ஒருவர் கையிலுள்ள மாத்திரையைக் கண்டு அவர் குணத்தை அளவிடாதிருப்போமாக.