ஊசி போட்டும் குட்டிகள் செத்தது ஏன்?

கேள்வி: எங்களிடம் கன்னி ஆடுகள் நாற்பது உருப்படி இருக்கின்றன. ஆவணியில் ஆட்டுக்கொல்லி நோய்க்கு எல்லாவற்றுக்கும் ஊசி போட்டோம். குட்டிகளுக்கு அப்போது இரண்டு மாசம். மார்கழியில் குட்டிகளுக்குக் காய்ச்சல், மூக்கொழுகல், வாய்ப்புண், கழிச்சல் என்று வந்து ஆறு செத்துப்போயின. தாயாடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. படைப்புழுவுக்கு மருந்தடித்த மக்காச்சோளத் தோகையைத்தான் அறுத்துப் போட்டோம். மருந்துதான் ஊசியை முறித்துவிட்டது என்கிறார்கள். நிஜமா?
— வாசகர், எட்டயபுரம் வட்டாரம்

பதில்: பூச்சிமருந்து நோய் எதிர்ப்பைக் குறைக்கும் என்பது கட்டுக்கதை இல்லை. பானர்ஜி, உசேன் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் வெளியிட்ட சோதனையில், எண்டோசல்பான் கலந்த தீனியை வாரக்கணக்கில் தின்ற எலிகளுக்கு டெட்டனஸ் ஊசிக்கான எதிர்ப்பு குறைவாகவே உண்டானது. அந்த மருந்துக்கு 2011இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்துவிட்டது. குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகள் முடக்கும் நொதியும் நரம்பில் மட்டுமல்ல, எதிர்ப்புக்கான வெள்ளணுக்களிலும் இருக்கிறது.

ஆனாலும் உங்கள் குட்டிகள் விஷயத்தில் என் சந்தேகம் மருந்தின் மேல் இல்லை. தோகையைக் குட்டியைவிடத் தாய்தான் அதிகம் தின்றிருக்கும், அது தப்பித்துக்கொண்டதே! (போன வருஷங்களில் போட்ட ஊசி தாய்க்குக் கைகொடுத்திருக்கலாம், அதனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லவில்லை.) எனக்கு உறுத்துவது அந்த 'இரண்டு மாசம்'. ஊசி போட்ட தாயின் சீம்பாலில் இறங்கிய எதிர்ப்புப் பொருள் குட்டி உடம்பில் மூன்று, நான்கு மாசம் வரை இருக்கும். இந்தத் தடுப்பூசியில் இருப்பது வீரியம் குறைத்த உயிருள்ள கிருமி. அது உள்ளே போனதும் தாய் கொடுத்த எதிர்ப்பே அதைத் தீர்த்துவிடும். குட்டி சொந்தமாக எதுவும் கற்றுக்கொள்ளாது. அப்புறம் தாய்ச் சொத்தும் கரைந்து, மார்கழியில் வெறும் உடம்போடு நின்றிருக்கும். நான்கு மாசத்தில் மறுபடி போட்டிருக்க வேண்டும். கூட்டத்தோடு கூட்டமாகக் குட்டிக்கும் குத்திவிடுவது நம் பக்கம் சகஜம்.

அடுத்து ஐஸ் பெட்டி. கரைத்த தடுப்பூசி மருந்தை ஐஸில் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். கரிசல் வெயிலில் தெருத்தெருவாகப் போகும்போது ஐஸ் இருக்கிறதா என்று நீங்களே எட்டிப் பாருங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பூச்சிமருந்து விஷயத்தில் நான் பயப்படுவது தோகைக்கு அல்ல, உண்ணிக்கு! வயலுக்கு வாங்கிய மருந்தில் மிச்சத்தைக் கலக்கி ஆட்டு முதுகில் தேய்க்கிறார்கள். தோல் வழியாகவும் நக்குவதாலும் நேரே உள்ளே போகிறது. ஊசி போடுகிற சமயத்தில் இதைச் செய்தால் ஊசியும் வீணாகலாம், ஆட்டுக்கும் ஆபத்து. உண்ணிக்கென்றே உள்ள மருந்தைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டு வாங்குங்கள். தோகையையும் டப்பாவில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள் கழித்தே அறுங்கள்.

இனி ஒரு குட்டி செத்தாலும் உடனே புதைக்காமல் மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவு வழியாக மாதிரி அனுப்பி, வந்தது ஆட்டுக்கொல்லிதானா என்று பார்த்துவிடலாம். மிச்சக் குட்டிகளுக்கு ரத்தம் எடுத்தால், உடம்பில் எதிர்ப்பு இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.