அம்புக்குறிக்குப் பக்கத்தில் 23

வி.எஸ். கோட் திரையின் அடியில் மெல்லிய பட்டை ஒன்று உண்டு. அதன் இடது ஓரத்தில், கிளையின் பெயரை ஒட்டி, மேல்நோக்கிய அம்புக்குறியும் ஓர் எண்ணும் தெரியும். இதை எழுதுபவர் போன ஆகஸ்ட்டில் பதினோரு நாள் அந்த எண்ணைப் பார்த்தபடியே வேலை செய்தார். முதல் நாள் 2. கடைசி நாள் 23. கமிட் போட்டும் இன்னும் கிட்ஹப்புக்குப் போய்ச் சேராதவை இத்தனை என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது.

அவர் திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பவர். நூல் ஓரிடம், நிட்டிங் இன்னோரிடம், சாயம் வேறிடம், காம்பேக்டிங் மற்றோரிடம் என்று துணி ஊரைச் சுற்றும் தொழில் இது. ஒவ்வொரு நடைக்கும் ஒரு டெலிவரி சலான். போன எடையும் வந்த எடையும் ஒத்துப்போகாது, சாயப்பட்டறையில் கழிவு போகும். ஜாப் ஒர்க்குக்குப் போனது எவ்வளவு, திரும்பியது எவ்வளவு என்று ஜி.எஸ்.டி.யில் ஐ.டி.சி.-04 படிவம் கேட்கிறது. ஐந்து கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான கணக்கை அக்டோபர் 25-க்குள் தரவேண்டும். அந்தப் பதினோரு நாளில் எழுதியது சலான்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் நிரல்தான்.

அதை அவர் எழுதியது சொந்த லேப்டாப்பில் அல்ல, கிளவுடில் இருக்கும் இயந்திரத்தில். கிளவுடில் ஏன் எழுத வேண்டும் என்று கேட்டவர்கள் உண்டு. சொந்த லேப்டாப்பில் ஓட்டாதவர் புரோகிராமரே இல்லை என்று பழைய அலுவலகத்தில் சீனியராக இருந்த நண்பர் ஒருவர் நாலு பேர் முன்னால் சொன்னார். 4 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் டாக்கரையும் போஸ்ட்கிரெஸையும் பிரவுசரையும் சேர்த்துத் திறந்து பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வியே எழாது. கிட்ஹப் நிறுவனமே 2021-இல் தன் பொறியாளர்களை கோட்ஸ்பேஸஸ் என்ற தன் கிளவுட் சேவைக்கு மாற்றியது. அவர்களுடைய மூல ரெபாசிட்டரி அப்போது கிட்டத்தட்ட 13 ஜிபி. அதை இறக்கவே 20 நிமிடம் ஆனது. உலகத்திலேயே நல்ல லேப்டாப் வாங்க வசதியுள்ளவர்கள் செய்ததைத் திருப்பூரில் ஒருவர் செய்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இன்றும் அவர் அந்த முடிவில் உறுதியாகத்தான் இருக்கிறார்.

தவறு நடந்தது வேறிடத்தில். அப்போது அவர் பயன்படுத்தியது வேறொரு சேவை. புஷ் செய்தால் உடனே கம்பெனியின் சோதனை சர்வரில் ஏறிவிடும்படி ஏற்பாடு இருந்தது. அரைகுறை நிரலைக் கணக்குப்பிள்ளை திறந்து பார்த்துக் குழம்பக்கூடாது என்று புஷ்ஷைத் தள்ளிப்போட்டார். தனிக் கிளை ஒன்று போட்டிருந்தால் அந்தக் கவலையே இல்லை. அது தோன்றாமல் இல்லை. ஆனால் அதே நண்பரிடம் கேட்டபோது, “அதெல்லாம் எதுக்கு? கிளவுட்ல தான இருக்கு, எங்க போயிரும்?” என்றார். சீனியர் சொல்கிறாரே என்று விட்டுவிட்டார்.

ஆகஸ்ட் கடைசியில் அம்மாவுக்குக் கோயம்புத்தூரில் மூட்டு அறுவை. ஐந்து வாரம் அங்கேயே. தொடாமல் கிடக்கும் இயந்திரம் அழிக்கப்படும் என்ற எச்சரிக்கை இரண்டு முறை வந்திருக்கிறது. இரண்டும் மின்னஞ்சலின் விளம்பரப் பகுதியில், சேலைத் தள்ளுபடிகளுக்கு நடுவே கிடந்தன. அக்டோபர் முதல் வாரம் வந்து திறந்தால் இயந்திரங்களின் பட்டியல் வெறுமை. மீட்க வழியில்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது.

“ஏன் அம்மிணி, ஆவணிலயே முடிஞ்சுதுன்னு சொன்னீங்களே?” என்று கம்பெனி முதலாளி கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் இன்னும் காதில் நிற்கிறது. ஏழு இரவு உட்கார்ந்து மறுபடி எழுதி, கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால் படிவத்தை ஏற்றியாயிற்று. ஆனால் கழிவு எடையைப் பிரிக்கும் பகுதி முதலில் வந்தது போல் அழகாக வரவில்லை.

ஆகவே கிளவுடில் வேலை செய்யப்போகிறவர்கள் முதலில் பழக வேண்டியது இதை: கமிட் என்பது அந்த இயந்திரத்துக்குள் எழுதிவைக்கும் குறிப்பு மட்டும். இயந்திரம் போனால் குறிப்பும் போகும். உங்கள் பெயரில் ஒரு வேலைக்கிளையைத் திறந்து, டீ குடிக்க எழும்போதெல்லாம் புஷ் செய்யுங்கள். நிரல் ஓடாவிட்டாலும் பரவாயில்லை. அம்புக்குறிக்குப் பக்கத்தில் எண் இருக்கும்வரை நாற்காலியை விட்டு எழக்கூடாது.

மற்றவை எளிது. கணக்கைத் திறப்பது, ரெபாசிட்டரியை இணைப்பது எல்லாம் கால் மணி நேர வேலை. இப்போது அவர் கோட்ஸ்பேஸஸில் இருக்கிறார். தனிநபர் கணக்குக்கு மாதம் 120 கோர் மணி நேரம் இலவசம். இரண்டு கோர் இயந்திரம் என்றால் 60 மணி. சும்மா விட்டால் 30 நிமிடத்தில் தானே நிற்கும். இங்கும் 30 நாள் தொடாவிட்டால் அழிந்துபோகும். அழிக்காதே என்று குறித்துவைக்கும் வசதி இருக்கிறது, முதல் நாளே குறித்துவிடுங்கள். இடமாகத் தென்கிழக்கு ஆசியாவைத் தேர்ந்தெடுங்கள். அமெரிக்காவில் வைத்தால் டெர்மினலில் எழுத்து தாமதித்து வந்து எரிச்சலூட்டும்.

அமேசானில் வாடகைக்கு இயந்திரம் எடுப்பவர்களுக்கு இன்னொன்று. நிறுத்திவைத்த இயந்திரத்துக்கும் டிஸ்க் வாடகை ஓடும். 2024 பிப்ரவரியிலிருந்து பொது ஐ.பி.வி.4 முகவரி ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 0.005 டாலர், அதாவது மாதம் மூன்றரை டாலருக்கு மேல். பட்ஜெட் எச்சரிக்கை போட்டுவைத்தாலும் அது தகவல்தான் சொல்லும், மின்விசிறியை அணைப்பது போல் செலவை நிறுத்தாது. அந்தத் தகவலும் பல மணி நேரம் கழித்தே வரும்.

எந்தச் சேவையையும் நம்பிக் குடியேறிவிடவும் வேண்டாம். 2016-இல் அமேசான் வாங்கிய கிளவுட்9, 2024 ஜூலையில் புது வாடிக்கையாளர்களுக்கு மூடப்பட்டது. எந்த நோட் பதிப்பு, எந்த எக்ஸ்டென்ஷன், எந்த போர்ட் என்பதையெல்லாம் டெவ்கண்டெய்னர்.ஜேசன் கோப்பில் எழுதி ரெபாசிட்டரியிலேயே வைத்துக்கொண்டால் வீட்டை மாற்றுவது சுலபம். கடவுச்சொற்களை மட்டும் அதில் எழுதாமல், சேவையின் சீக்ரெட்ஸ் பகுதியில் வையுங்கள்.

எழுதிய கோப்பு சரியா என்று தெரிய ஒரே வழி இயந்திரத்தை அழித்துப் பார்ப்பதுதான். வெள்ளிக்கிழமை மாலைதோறும் அவர் புஷ் செய்துவிட்டு, தன் கையாலேயே இயந்திரத்தை அழிக்கிறார். பிறகு புதிதாக எழுப்புகிறார். முதல் முறை கை நடுங்கியது. போன வெள்ளிக்கிழமை நான்கு நிமிடத்தில் எல்லாம் எழுந்து நின்றது, சலான் அட்டவணை மட்டும் காலியாக இருந்தது. மாதிரித் தரவை ஏற்றும் வரியை டெவ்கண்டெய்னரில் எழுத விட்டுப்போயிருந்தது. அதைச் சேர்த்து, புஷ் செய்து, இன்னொரு முறை அழித்துப் பார்த்துவிட்டுத்தான் விளக்கை அணைத்தார்.