முள் இறங்கினால் முதலில் இன்ஜினை நிறுத்துங்கள்

டீசல் முள் தவறாகக் காட்டினால் வண்டி வழியில் நிற்கும். கேனில் வாங்கி ஊற்றி, ஏர் எடுத்துக் கிளம்பிவிடலாம். ஆயில் பிரஷர் முள் காட்டியதைக் கவனிக்காமல் விட்டால் இன்ஜினே போய்விடும். நாமக்கல் பக்கம் பட்டறையில் லாரி இன்ஜின்களோடு வேலை செய்கிற எனக்கு, இந்த ஒரு முள்ளைப் பற்றி டிரைவர்களிடமும் முதலாளிகளிடமும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முள் இறங்கியதும் இரண்டில் ஒன்று நடக்கும். "மீட்டர் கம்ப்ளைண்ட்" என்று சொல்லி ஓட்டிக்கொண்டே போவார்கள். இல்லாவிட்டால், "பேரிங் போச்சு" என்று சேம்பரைக் கழற்றுவார்கள். இரண்டுமே விசாரிக்காமல் எழுதுகிற தீர்ப்புகள். மீட்டர் பழுது என்பது சோதித்துப் பார்த்த பிறகு வருகிற முடிவாக இருக்கட்டும். சோதிக்காமல் இருப்பதற்குச் சொல்லும் சமாதானமாக இருக்க வேண்டாம்.

பிரஷர் எங்கிருந்து வருகிறது?

ஆயில் பம்ப் செய்வது ஆயிலைத் தள்ளும் வேலை மட்டும்தான். அந்த ஆயில் கூலர், ஃபில்டர் வழியாக மெயின் கேலரிக்குப் போய், கிராங்க் பேரிங், கேம் புஷ், ராக்கர், டர்போ என்று பிரிகிறது. அங்கெல்லாம் உள்ள மெல்லிய இடைவெளிகள் ஆயிலைத் தடுப்பதால்தான் பிரஷர் பிறக்கிறது. தோட்டத்து ஹோஸ் குழாயின் வாயை விரலால் அடைத்தால் தண்ணீர் சீறுகிறது, விரலை எடுத்தால் சாதுவாக ஒழுகுகிறது அல்லவா? அதே கணக்குதான்.

ஆகவே பிரஷர் குறைய மூன்று வழிகள்தான் உண்டு. மெயின் கேலரிக்குப் போதுமான ஆயில் வந்து சேரவில்லை, ஆயில் நீர்த்துவிட்டது, அல்லது எங்கோ இடைவெளி கூடிவிட்டது. பேரிங் இடைவெளி இரட்டிப்பானால் அதன் வழியே கசியும் ஆயில் இரட்டிப்பாவதோடு நிற்காது, ஏறத்தாழ எட்டு மடங்காகும். தேய்மானம் ஆரம்பித்த வண்டியில் முள் மளமளவென்று இறங்குவதற்கு இதுவே காரணம்.

ரோட்டோரத்தில் செய்ய வேண்டியது

ஓடும் வண்டியில் முள் சட்டென்று சிவப்புக்கு வந்தால் பாதுகாப்பாக ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். டர்போவுக்காக இரண்டு நிமிடம் ஸ்லோவில் விடும் பழக்கம் இங்கே உதவாது. பிரஷர் உண்மையிலேயே இல்லையென்றால் முதலில் சாகப்போவதே அந்த டர்போவின் பேரிங்தான்.

சமதளத்தில் நிறுத்தி, ஆயில் கீழே இறங்க நேரம் கொடுத்து ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். அளவு குறைந்திருந்தால் வண்டிக்கு அடியில் படுத்துக் கசிவைத் தேடுங்கள். அளவு ஏறியிருந்தால் இன்னும் பெரிய ஆபத்து, ஏனென்றால் ஆயில் தானாகப் பெருகாது. ஸ்டிக்கை முகர்ந்தால் டீசல் வாடை அடிக்கிறதா, விரலில் தேய்த்தால் பிசுக்கே இல்லையா? பம்ப் எலிமெண்ட், ஃபீட் பம்ப், இன்ஜெக்டர் ஆகியவற்றில் ஒன்றிலிருந்து டீசல் இறங்குகிறது. பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர். ஹெட் கேஸ்கெட், ஆயில் கூலர், லைனர் ரிங் மூன்றையும் சந்தேகப்பட வேண்டும். டீசலோ தண்ணீரோ கலந்த ஆயிலோடு வண்டியை ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள்.

இரண்டு சாட்சிகள்

பல வண்டிகளில் மீட்டருக்கு ஒரு சென்சாரும் சிவப்பு விளக்குக்குத் தனியாக ஒரு சுவிட்சும் இருக்கும். சாவியைத் திருப்பினால் விளக்கு எரிய வேண்டும், இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஓடும் இன்ஜினில் முள்ளும் விழுந்து விளக்கும் எரிந்தால் விவாதமே வேண்டாம், இன்ஜின் நிற்கட்டும். முள் மட்டும் விழுந்து விளக்கு எரியாமல் இருந்தால் மீட்டர், ஒயர், சென்சார் மீது சந்தேகம் திரும்பும். ஆனால் அந்த விளக்குச் சுவிட்ச் மிகக் குறைந்த பிரஷரில்தான் வேலை செய்யும். விளக்கு எரியவில்லை என்பதால் மட்டும் பிரஷர் போதுமான அளவு இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது.

பழைய ஒற்றை ஒயர் சென்சாரில் ஒரு சுலபமான சோதனை உண்டு. இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு, சென்சார் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். பிறகு அதை எர்த்தில் தொடுங்கள். முள் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போனால் மீட்டரும் ஒயரும் நல்ல நிலையில் இருக்கின்றன. எந்தக் கோடிக்கு முதலில் போகும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். முள் அசையாவிட்டால் மீட்டரையும் ஒயரையும் சரிபார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 வண்டிகளில், மூன்று ஒயர் சென்சாரில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். ஈசியூவுக்குச் சேதம் வரலாம், ஸ்கேனர் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

வாட்டர் சர்வீஸ் செய்த மறுநாள் முள் படுத்துவிட்டது என்று வரும் வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது கனெக்டரைத்தான். பச்சை பூத்திருக்கும். சென்சார் திரெட்டில் டெஃப்லான் டேப்பை வளைத்து வளைத்துச் சுற்றியிருந்தாலும் எர்த் கிடைக்காமல் முள் ஆடும்.

உண்மையை அளந்து பாருங்கள்

இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால், சென்சாரைக் கழற்றிவிட்டு அதே துளையில் மெக்கானிக்கல் கேஜை மாட்டி அளக்க வேண்டும். கரண்ட், ஒயர் எதுவும் இல்லாமல் ஆயிலே நேராக முள்ளைத் தள்ளும். திரெட் பொருந்தும் அடாப்டரும் பிரஷர் தாங்கும் ஹோஸும் போடுங்கள். பிளாஸ்டிக் குழாயை எக்ஸாஸ்ட் பக்கம் கொண்டுபோகாதீர்கள், வெடித்தால் தீப்பிடிக்கும். இந்த ஒரு கேஜ் இல்லாத பட்டறையில் "இன்ஜினை இறக்கணும்" என்று சொன்னால், முதலாளி தயங்காமல் "அளந்து பார்த்தீங்களா?" என்று கேட்க வேண்டும்.

அளவை இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு எடுங்கள். 15W-40 ஆயில் 40 டிகிரியில் இருப்பதைவிட 100 டிகிரியில் ஏழு எட்டு மடங்கு இளகிவிடும், அதனால் குளிர்ந்த இன்ஜினில் கிடைக்கும் நல்ல பிரஷரை நம்ப முடியாது. நம் ரோட்டில் நிறைய ஓடிய ஆறு சிலிண்டர் 5.9 லிட்டர் கம்மின்ஸ் இன்ஜினுக்கு, சூட்டில், ஸ்லோவில் 10 பிஎஸ்ஐ, முழு வேகத்தில் 30 பிஎஸ்ஐ குறைந்தபட்சம் வேண்டும். கிலோ கணக்கில் 0.7, 2.1. மற்ற இன்ஜின்களுக்கு அந்தந்த சர்வீஸ் புத்தகத்தில் இருப்பதே கணக்கு. லோடோடு தொப்பூர் ஏற்றம் ஏறிய வண்டி டோல்கேட் வரிசையில் ஸ்லோவில் நிற்கும்போது முள் கொஞ்சம் தாழ்வது இயல்பு. ஆக்சிலேட்டரை மிதித்ததும் ஏறுகிறதா, போன மாதம் அதே இடத்தில் எங்கே நின்றது என்பதே கேள்வி.

முள்ளின் நடையைப் படியுங்கள்

சூட்டில் ஸ்லோவில் மட்டும் விழுந்து, வேகத்தில் எழுந்தால் பேரிங் தேய்மானம் அல்லது நீர்த்த ஆயில். ஸ்லோவில் சரியாக இருந்து வேகம் ஏறும்போது விழுந்தால் பம்புக்கு ஆயில் போதவில்லை, ஸ்ட்ரெய்னரைப் பாருங்கள். கேஸ்கெட் ஒட்டும்போது அளவுக்கு மீறித் தடவிய சிலிகான் பேஸ்ட், துண்டு துண்டாகக் கழன்று ஸ்ட்ரெய்னரை அடைத்திருப்பதை இன்ஜின் வேலை முடிந்து வந்த வண்டிகளில் பார்த்திருக்கிறேன். கொண்டை ஊசி வளைவிலும் ஏற்றத்திலும் மட்டும் விழுந்தால் ஆயில் அளவு குறைவு, அல்லது உறிஞ்சு குழாய் காற்றை இழுக்கிறது. ஸ்டார்ட் செய்த பிறகு எழவே நேரம் எடுத்தால், ஆயிலைப் பிடித்து வைக்காத மட்டமான ஃபில்டராக இருக்கலாம். ஒரே நொடியில் பூஜ்யத்துக்குப் போனால் சென்சாரோ ஒயரோ காரணமாகலாம், பம்ப் டிரைவ் விட்டுப்போயிருக்கலாம், ரிலீஃப் வால்வில் தூசி சிக்கித் திறந்தபடி நின்றுவிட்டிருக்கலாம்.

சேம்பரைக் கழற்றுவதற்கு முன் ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். ஹேக்சா பிளேடு போட்டால் அதன் துகளே உள்ளே விழுந்து குழப்பும், டின் கட்டரால் வெட்டுங்கள். மடிப்பைப் பிரித்து வெயிலில் காட்டினால் செம்பு நிறத்தில் மினுக்கம் தெரிகிறதா? பேரிங் மேல்பூச்சைத் தாண்டித் தேய்ந்துவிட்டது. காந்தத்தில் ஒட்டுகிற துகள் இரும்பு, அது கியரிலிருந்தோ கேமிலிருந்தோ வரும். ஃபில்டர் சுத்தமாக இருந்தால் இன்ஜினைத் திறக்க அவசரப்பட வேண்டாம்.

முள்ளைத் தூக்கும் குறுக்கு வழிகள்

பிரஷர் குறைந்தால் கெட்டியான ஆயிலை ஊற்றுவது, ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்குக்குப் பின்னால் வாஷர் போடுவது ஆகிய இரண்டும் இன்றும் நடக்கின்றன. ரிலீஃப் வால்வு அதிகப் பிரஷரில்தான் திறக்கும். நல்ல நிலையில் உள்ள வால்வு ஸ்லோவில் மூடியேதான் இருக்கும், அங்கே வாஷர் போட்டு என்ன கிடைக்கும்? மாறாக, குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் செய்யும்போது பிரஷர் எல்லை மீறி ஃபில்டரைப் பிளக்கலாம். கெட்டி ஆயில் முள்ளைத் தூக்கும், தேய்ந்த பேரிங்கைச் சரிசெய்யாது.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் சாவியைப் போட்டதும் ஆயில் விளக்கு எரிகிறதா என்று கட்டாயம் பாருங்கள். பல்பைக் கழற்றிவிட்டு விற்கிறவர்கள் உண்டு. நன்றாகச் சூடாகும்வரை ஓட்டிப் பார்த்து, கேஜை மாட்டி அளந்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

தொடக்கத்திலேயே பிடித்துவிட்டால் வண்டியிலேயே சேம்பரை இறக்கிப் பேரிங் செட் மாற்றி அனுப்பிவிடலாம். கிராங்கில் கோடு விழுந்தால் இன்ஜினை இறக்கி கிரைண்டிங் போட வேண்டும். பேரிங் சுழன்று, ராடு பிளாக்கைத் துளைத்து வெளியே வந்தால் புதிதாக இன்ஜின்தான். இந்த மூன்று செலவுகளுக்கும் இடையே இருப்பது, டிரைவர் எத்தனை நிமிடம் கழித்து சாவியைத் திருப்பினார் என்பது மட்டுமே.

அதனால் முதலாளிகளிடம் ஒரு வேண்டுகோள். லோடு தாமதமாகிறது என்று போனில் சத்தம் போட்டால், அடுத்த முறை முள் இறங்கும்போது டிரைவர் நிறுத்த மாட்டார். ஒவ்வொரு சர்வீஸிலும் சூட்டில் ஸ்லோவிலும் வேகத்திலும் பிரஷர் எவ்வளவு என்று நோட்டில் எழுதி வையுங்கள். முள் இறங்கினால் யாரையும் கேட்காமல் நிறுத்தலாம் என்று டிரைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நிறுத்தியது வெறும் ஒயர் கோளாறுக்காகவே இருந்தாலும், நிறுத்தியது சரி என்றே சொல்லுங்கள்.