பெருநாடி வீக்கமும் இரத்தப் புரதமும்: மன்னாருக்கு வரும் இளையோருக்கு

மன்னார் வைத்தியசாலைக்கு முதல் நியமனத்தில் வரும் வைத்தியப் பிள்ளைகளுக்கும் ஆய்வுகூடப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

1. பேசாலை, தலைமன்னார்ப் பக்கமிருந்து அறுபது தாண்டிய, பீடி விடாத ஐயா ஒருவர் வந்து, "நாரி உளையுது, கிட்னிக் கல்லாக்கும்" என்பார். ஊசி போட்டு அனுப்பிவிடாதீர்கள். முழங்காலை மடக்கிப் படுக்கவைத்து, தொப்புளுக்குச் சற்று மேலே இரு கைகளையும் வையுங்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் விரல்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகினால் அது பெருநாடி வீக்கமாக இருக்கலாம்; அன்றைக்கே ஸ்கேன். மயக்கமும் சேர்ந்திருந்தால் சத்திரசிகிச்சை நிபுணரை உடனே கூப்பிடுங்கள். மாற்றி அனுப்பவேண்டி வந்தால், பாலம் தாண்டி யாழ்ப்பாணம் போகவே நூறு கிலோமீற்றருக்கு மேல்.

2. வயிற்றுப் பெருநாடி 3 செ.மீ. தொட்டால் வீக்கம். ஆண்களுக்கு 5.5, பெண்களுக்கு 5.0 ஆனால் சத்திரசிகிச்சை பற்றிப் பேச வேண்டும். சிறியவை ஆண்டுக்குச் சராசரி 2, 3 மில்லிமீற்றர் வளரும். ஸ்கேன் பிடிக்கும் கை மாறினாலே அவ்வளவு வித்தியாசம் வந்துவிடும். வெளி விளிம்பிலிருந்து அளந்தீர்களா, உள் விளிம்பிலிருந்தா என்று அட்டையில் எழுதுங்கள்.

3. ஸ்கேன் அளவின் இந்தத் தடுமாற்றத்தால்தான், வளர்ச்சியைக் காட்டிக்கொடுக்கும் என்று இரத்தப் புரதங்கள்மேல் இத்தனை ஆசை. நாடிச் சுவரின் இழைகளை அரிப்பது எம்.எம்.பி. வகை நொதிகளில் ஒன்றான எம்.எம்.பி.-9. வீக்கத்துக்குள் படிந்த இரத்தக்கட்டி கரையும்போது பிறப்பது டி-டைமர். வேகமாக வளரும் வீக்கங்களில் அது கூடியிருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆனால் நிமோனியாவிலும் கூடும், சத்திரசிகிச்சைக்குப் பின்னும் கூடும். ஆகவே "இரத்தம் நல்லா இருக்கு" என்று ஸ்கேன் தவணையைத் தள்ளிப்போடாதீர்கள். அதற்குள் வீக்கம் வெடித்தால் ஆள் தப்புவது கடினம்.

4. ஆய்வுக்கு மாதிரி எடுப்பவர்களே, எம்.எம்.பி.-9ஐச் சீரத்தில் பார்க்காதீர்கள். இரத்தம் உறையும்போது அணுக்கள் தம்மிடமுள்ளதைக் கொட்டிவிடும். அந்த எண் குழாய்க்குள் நடந்ததையே சொல்லும். சிட்ரேட் உள்ள நீல மூடிக் குழாயைக் கோடு வரை நிரப்பி, தாமதமின்றிச் சுழற்றி, பிளாஸ்மாவைப் பிரித்து உறையவையுங்கள். எடுத்த நேரம், சுழற்றிய நேரம் இரண்டையும் குறியுங்கள். மின்சாரம் போய் உருகி மறுபடி உறைந்த மாதிரியைக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

5. ஒரு புரதத்தை அடக்கினால் நோயும் அடங்கும் என்று அவசரப்பட வேண்டாம். எம்.எம்.பி.களை அடக்கும் டொக்சிசைக்ளினைச் சிறு வீக்கம் உள்ளவர்களுக்கு அமெரிக்காவில் இரண்டு ஆண்டு கொடுத்துப் பார்த்தார்கள். 2020இல் வந்த முடிவு: வளர்ச்சி குறையவில்லை.

6. பீடி, சுருட்டை விடச் சொல்லுங்கள். வளர்ச்சியைக் குறைக்க அது உதவும். கடலுக்குப் போகும் பருவத்தைக் கேட்டு அடுத்த ஸ்கேன் திகதியைக் கொடுங்கள். வராவிட்டால் மகளுக்கோ மகனுக்கோ போன் எடுங்கள்.