மூன்று வேனுக்கு எந்த வாக்கி-டாக்கி?

கொல்லிமலைக்கோ வால்பாறைக்கோ சொந்தபந்தத்தோடு இரண்டு மூன்று வேன் பிடித்துக் கிளம்பும் இளசுகள் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "ஐயா, வாக்கி-டாக்கி வாங்கலாம்னு இருக்கோம், எது நல்லது?" தாராளமாக வாங்குங்கள். மலை ஏறினால் பல இடங்களில் போனில் டவர் போய்விடும். முன்வண்டி எங்கே, பின்வண்டி எங்கே என்று தெரியாமல் தவிப்பதற்கு இது நல்ல மருந்து. எதை வாங்குவது என்பதற்கு என் பதில் இதுதான்: உங்கள் கூட்டத்தில் இந்தமாதிரிச் சாமான்களோடு கொஞ்சமும் பழக்கமில்லாதவர் யார் என்று பாருங்கள். அவர் கையில் கொடுத்தாலும் வேலை செய்கிற செட்தான் உங்களுக்கு நல்ல செட். விவரமாகச் சொல்கிறேன்.

1. விலையைப் பார்க்கும் முன் அலைவரிசையைப் பாருங்கள்.

நம் நாட்டில் வாக்கி-டாக்கி எல்லாவற்றையும் எல்லாரும் வைத்துக்கொள்ள முடியாது. 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிறு பட்டையில் இயங்கும் குறைந்த சக்தி செட்டுகளுக்கு உரிமம் தேவையில்லை. இவற்றின் சக்தி அரை வாட். ஐரோப்பாவிலும் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு இதே பட்டைதான். அதை 16 சானலாகப் பிரித்திருப்பார்கள். செட்டின் மாடலுக்கு மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு தரும் ஒப்புதல் இருக்க வேண்டும், கடைக்காரர்கள் 'இ.டி.ஏ. சர்ட்டிபிகேட்' என்பார்கள். ஆன்லைனில் விற்கிறவர்கள் அலைவரிசையையும் உரிமம் வேண்டுமா வேண்டாமா என்பதையும் தெளிவாகக் காட்ட வேண்டும் என்று 2025-ல் வழிகாட்டு நெறிகளே வந்துவிட்டன. அலைவரிசை எது என்று எழுதாத விளம்பரத்தில், மற்றதெல்லாம் எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும், காசு கட்டாதீர்கள்.

2. மலிவாகக் கிடைக்கிற ஐந்து வாட் செட்டுக்கு ஆசைப்படாதீர்கள்.

நீள ஆன்டெனா, எண் பட்டன்கள், சின்னத் திரை என்று மிடுக்காக இருக்கும். 136 முதல் 174 வரை, 400 முதல் 520 வரை என்று அகலமாக அலைவரிசை போட்டிருக்கும். அந்த அகலம்தான் வம்பு. காவல்துறை முதல் தனியார் நிறுவனம் வரை உரிமம் பெற்ற பலரும் பேசுகிற அலைகள் அதற்குள் வருகின்றன. தெரியாமல் அழுத்தினாலும் குறுக்கீடு குறுக்கீடுதான். உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். "ஹாம் (அமெச்சூர் வானொலி) தேர்வு எழுதி உரிமம் வாங்கிக்கொள்கிறேன்" என்று ஒரு தம்பி சொல்வார். நல்ல விஷயம், அவசியம் எழுதுங்கள். ஆனால் ஹாம் உரிமம் தேர்வு எழுதியவருக்கு மட்டும்தான். பின்வேனில் இருக்கும் மாமா தேர்வு எழுதவில்லையே! அவர் பதில் பேச முடியாத செட்டை வைத்து நீங்கள் யாரோடு பேசப் போகிறீர்கள்?

3. அமெரிக்காவிலிருந்து அண்ணன் கொண்டுவந்த ஜோடியை இங்கே பயன்படுத்தாதீர்கள்.

அங்கே குடும்பங்கள் பேசுவதற்கு ஒதுக்கியிருப்பது 462, 467 மெகாஹெர்ட்ஸ் பக்கம். அங்கே சட்டப்படி சரியானது, இங்கே சரியில்லை. இங்கே வாங்கியதை அங்கே கொண்டுபோனாலும் அப்படித்தான்: 446 அங்கே ஹாம் ஆட்களுக்கான பட்டைக்குள் வருகிறது. எந்த நாட்டில் பேசப் போகிறீர்களோ அந்த நாட்டுச் செட்டை அங்கேயே வாங்குவது நல்லது.

4. அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் கிலோமீட்டரை மறந்துவிடுங்கள்.

இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறவை. ஒன்றரை மீட்டர் உயரத்தில் செட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் மேடு பள்ளமே இல்லாத வெட்டவெளியில் நின்றால்கூட, பூமியின் வளைவு மறைக்கத் தொடங்கும் தூரம் சுமார் 9 கிலோமீட்டர். அதற்கு மேல் பெட்டியில் போட்டிருந்தால் அது இரண்டு மலை உச்சிகளுக்கு நடுவே பேசிய கணக்கு. தெருவும் மாடிவீடுகளும் நிறைந்த ஊருக்குள் அரை வாட் செட் சில நூறு மீட்டருக்கே திணறும். திறந்த சாலையில் இரண்டு கிலோமீட்டர் கிடைத்தால் திருப்திப்படுங்கள்.

மலைப்பாதையில் கணக்கு வேறு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பெரும்பாலும் ஒரே சரிவின்மேல் வண்டிகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஏறுகின்றன. சாலைக் கணக்கில் தூரம் அதிகம், வான்வழியில் மிகக் கிட்டம். அங்கே அரை வாட் போதும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 வளைவுகளிலும், ஒரே சரிவில் இருக்கிறவரை குரல் தெளிவாக வரும். முன்வண்டி மலையின் முதுகைத் தாண்டி மறுபக்கம் போனதும் பட்டென்று அறுந்துவிடும். அப்போது வாட்டைப் பத்து மடங்கு கூட்டினாலும் மலையைத் துளைக்க முடியாது. வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, உயரமான இடத்தில் நின்று, ஆன்டெனா வானத்தைப் பார்க்கும்படி செட்டை நிமிர்த்திப் பிடித்துப் பேசுங்கள். வேனுக்குள் இருந்தே பேசுவதானால் ஜன்னலோரம் பிடியுங்கள். தகரக் கூடு அலையை மறைக்கும். கண்ணாடி வழியாகத்தான் அது வெளியே போகும்.

5. "ரேஞ்ச் 5000 கிலோமீட்டர்" என்றால் அது சிம் கார்டு செட்.

பார்க்க வாக்கி-டாக்கி மாதிரியே இருக்கும், பட்டனை அழுத்திப் பேசுவதும் அதே மாதிரிதான். ஆனால் உள்ளே வேலை செய்வது மொபைல் நெட்வொர்க். சென்னையிலிருந்து டெல்லிக்குப் பேசும். டவர் இல்லாத காட்டுச் சாலையில் பத்தடி தள்ளி நிற்கும் வேனுக்குப் பேசாது. டவர் இல்லாத இடத்துக்காகத்தானே வாங்குகிறீர்கள்?

6. வண்டிக்கு ஒன்று, கூடுதலாக ஒன்று, எல்லாம் ஒரே மாடல்.

ஆளுக்கொன்று வாங்கினால் ஆளாளுக்குப் பேசுவார்கள். முக்கியமான செய்தி காதில் விழாது. மூன்று வேனுக்கு நான்கு செட் போதும். பழனி பாதயாத்திரை மாதிரி நடைப் பயணம் என்றால் முன்னால் போகிறவரிடம் ஒன்று, கடைசியில் வருகிறவரிடம் ஒன்று, சாப்பாட்டு வண்டியில் ஒன்று. ஒரே மாடலாக வாங்கினால் சார்ஜரும் பேட்டரியும் மாற்றிக்கொள்ளலாம். ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்தது எல்லாருக்கும் பொருந்தும். ஏற்கெனவே வேறு கம்பெனி செட் இருந்தால், சானல் எண்ணை ஒன்றாக வைத்துவிட்டு உள்குறியீட்டை ('பிரைவசி கோட்') எல்லாவற்றிலும் 'பூஜ்யம்' ஆக்குங்கள். பழைய செட்டில் 8 சானல்தான் இருக்கும். அதனால் 1 முதல் 8-க்குள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

7. 'பிரைவசி கோட்' ரகசியம் காக்காது.

விளம்பரத்தில் 38 கோட், 121 கோட் என்று பெருமையாகப் போடுவார்கள். உங்கள் குரலோடு காதுக்கு எட்டாத ஒரு மெல்லிய தொனி சேர்ந்து போகும். அதே தொனி வந்தால் மட்டுமே எதிர்செட் வாய் திறக்கும். அவ்வளவுதான். காதைப் பொத்திக்கொண்டு சத்தமாகப் பேசுவது மாதிரி: ஊரார் பேச்சு உங்களுக்குக் கேட்காது, உங்கள் பேச்சு ஊருக்கே கேட்கும். நகை, பணம், அறை எண், பெண்பிள்ளைகள் தனியாக இருக்கும் இடம், இவற்றை இதில் பேசக் கூடாது. கோட் எண்ணிக்கைக்காகக் கூடுதல் விலையும் கொடுக்க வேண்டாம்.

8. கடையில் கையில் எடுத்துப் பாருங்கள்.

பேசும் பட்டன் கண்ணால் பார்க்காமலே விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். ஆன் பண்ணுவதும் சத்தம் கூட்டுவதும் ஒரே திருகு குமிழில் இருந்தால் உத்தமம். மெனுவுக்குள் போய்த் தேட வைத்தால் வேண்டாம். 'லாக்' இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் பின்சீட்டில் பிள்ளைகள் கைபட்டு 3-ஆம் சானல் 7 ஆகிவிடும். அரை மணி நேரம் யாருக்கும் ஒன்றும் கேட்காது, செட் கெட்டுப்போச்சு என்று பழி வேறு. வேன் இன்ஜின் சத்தத்தை மீறிக் குரல் கேட்கிறதா என்று தெருவில் நின்று சோதியுங்கள். கூடவே உங்கள் அம்மாவையோ அத்தையையோ கூட்டிக்கொண்டு போங்கள். ஒருமுறை காட்டியதும் அவர் தானாகப் பேசினால் வாங்கிவிடுங்கள்.

9. பேட்டரியில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பெட்டியில் போட்டிருக்கும் மணிக்கணக்கு, பெரும்பாலும் நூற்றில் ஐந்து பங்கு பேச்சு, ஐந்து பங்கு கேட்பு, மீதி 90 பங்கு சும்மா இருப்பது என்ற கணக்கில் வருவது. அரட்டை அடித்தால் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். போன் சார்ஜர் ஒயரிலேயே சார்ஜ் ஏறுகிற மாடல் பயணத்துக்கு வசதி, வண்டியிலேயே போட்டுக்கொள்ளலாம். சாதா பென்சில் பேட்டரி போடுகிற மாடலும் மட்டமில்லை. மலையடிவாரப் பெட்டிக்கடையிலும் அது கிடைக்கும். விமானத்தில் போகிறவர்கள் உதிரி லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது.

10. டிரைவர் கையில் கொடுக்காதீர்கள்.

ஓட்டும்போது கையில் தகவல் கருவியைப் பிடித்துப் பேசுவதை 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் ஆபத்தான ஓட்டுதலில் சேர்க்கிறது. சட்டம் கிடக்கட்டும், கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்குக்கு இரண்டு கையும் வேண்டும். டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் தூங்காத ஆளாகப் பார்த்து உட்கார வைத்து, செட்டை அவரிடம் கொடுங்கள்.

11. பேசுவதற்கு முறை உண்டு.

ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பட்டனை அழுத்தி, ஒரு நொடி விட்டு, பிறகு வாயைத் திறங்கள். அழுத்தியதும் பேசினால் முதல் எழுத்துகள் விழுங்கப்பட்டு, "நிக்காதே" என்பது "காதே" என்று போய்ச் சேரும். முதலில் யாருக்கு, அடுத்து யார், பிறகு விஷயம்: "கடைசி வண்டி, முதல் வண்டி பேசுறேன். ஒன்பதாவது வளைவுல காட்டுமாடு நிக்குது, மெதுவா வாங்க. ஓவர்." அவர் திருப்பிச் சொல்ல வேண்டும்: "ஒன்பதாவது வளைவு, மாடு, மெதுவா வர்றோம். ஓவர்." சரி என்று மட்டும் சொன்னால் அவர் காதில் என்ன விழுந்தது என்று உங்களுக்குத் தெரியாது. காட்டுச் சாலையில் சத்தத்தைக் குறைத்து இயர்போனில் கேளுங்கள்.

12. செட் அறுந்துபோனால் என்ன செய்வது என்று கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள்.

முதல்நாள் மாலை தெருவில் ஆளுக்கொரு முனையில் நின்று ஒத்திகை பாருங்கள். சானல் எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதிச் செட்டின் முதுகில் ஒட்டுங்கள். அதைவிட முக்கியம், சந்திக்கும் இடம். பதில் வராவிட்டால் முன்வண்டி அடுத்த செக்போஸ்டிலோ முன்பே சொன்ன டீக்கடையிலோ நிற்க வேண்டும். கடைசி வண்டி வந்து சேரும்வரை கிளம்பக் கூடாது. இந்த ஏற்பாடு இருக்கிற கூட்டத்துக்கு மலிவான அரை வாட் செட் தாராளம். இது இல்லாத கூட்டத்துக்கு எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் போதாது.