மடக்கு சைக்கிள்

பெங்களூரில் பீன்யா என்று ஓர் இடம். அங்கே ஒரு சின்ன வாடகை அறை. இரண்டாம் மாடி. அந்த அறையில் ஓர் அம்மா இருக்கிறார். துணித் தொழிற்சாலையில் அவருக்குத் தையல் வேலை. தொழிற்சாலை 4 கிலோமீட்டர் தூரம்.

முன்பு அவரிடம் ஒரு சைக்கிள் இருந்தது. இரவில் படிக்கட்டின் கீழே பூட்டி வைப்பார். ஒருநாள் காலையில் பூட்டு மட்டும் கிடந்தது. சைக்கிளைக் காணோம்.

"இனி வாங்கினால் வீட்டுக்குள் வைக்கிற மாதிரி வாங்க வேண்டும்" என்று முடிவு செய்தார். மடக்கு சைக்கிளைப் பாதியாக மடிக்கலாம். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே நிறுத்தலாம். ஆனால் புதிய சைக்கிளின் விலை அதிகம். பழையது தேடினார்.

ஒரு சைக்கிள் வந்தது. சிவப்பு நிறம். பளபளவென்று இருந்தது. விலை 3,000 ரூபாய். பணம் கொடுக்கும் முன் தெரிந்த சைக்கிள் கடைக்கு அதைத் தள்ளிக்கொண்டு போனார்.

"அண்ணா, எப்படி இருக்கு?"

"பெயின்ட் ரொம்ப நல்லா இருக்கும்மா. அதுதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார் கடைக்காரர்.

சாதாரண சைக்கிளில் சட்டம் நடுவே பிரியாது. மடக்கு சைக்கிளில் நடுவே பிரியும். கதவுக்கு இருப்பது போல அங்கே ஒரு கீல் இருக்கும். ஹேண்டில் பாருக்குக் கீழேயும் ஒரு கீல் இருக்கும். பள்ளத்தில் இறங்கினால் அடி முழுவதும் நடுக் கீலுக்குத்தான்.

கடைக்காரர் கீலின் கொக்கியை மூடினார். முன் பிரேக்கைப் பிடித்தார். சைக்கிளை முன்னும் பின்னும் அசைத்தார். "டக், டக்" என்று சத்தம் வந்தது.

"கொக்கி தளர்ந்திருந்தா முறுக்கிடலாம். அது பெரிய விஷயம் இல்லை. இதைப் பாருங்க."

கீலின் பக்கத்தில் துணியால் துடைத்தார். டார்ச் அடித்தார். வெல்டிங் ஓரத்தில் முடி போல ஒரு கோடு. நகத்தால் வருடினார். நகம் மாட்டியது. கோட்டில் துரு கசிந்திருந்தது. அது விரிசல். அதை மறைக்கத்தான் புதுப் பெயின்ட்.

"வெல்டிங் வைத்தால் சரியாகாதா அண்ணா?"

"வீட்டு கேட்டுன்னா வைக்கலாம். கீல் பக்கத்தில் வைக்கிறதை நான் நம்ப மாட்டேன். ஓட்டும்போது விட்டுப்போனா ஹேண்டில் ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம். பின்னாடி லாரி வரும்."

அம்மா அந்தச் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பத்து நாள் கழித்து வேறொன்று கிடைத்தது. பச்சைப் பெயின்ட் பாதி உரிந்திருந்தது. செயின் முழுவதும் துரு. இரண்டு டயரும் வெடித்திருந்தன. ஆனால் கீல் சுத்தமாக இருந்தது. அசைத்துப் பார்த்தால் சத்தம் இல்லை.

அம்மா பில் கேட்டார். விற்றவர் பழைய பில்லைத் தேடி எடுத்தார். பெடல் அச்சுக்கு அடியில் சட்டத்தில் ஓர் எண் பொறித்திருந்தது. பில்லிலும் அதே எண். பறிகொடுத்தவருக்குத்தான் அதன் அருமை தெரியும். திருட்டுப் பொருளைத் தெரிந்தே வாங்கினால் வாங்கியவருக்கும் தண்டனை உண்டு. பாரதிய நியாய சன்ஹிதா என்ற சட்டம் 1.7.2024 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 317ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

பேரம் பேசி 1,500 ரூபாய்க்கு முடித்தார். ஞாயிற்றுக்கிழமை கடையில் ஓவராயில் வேலை நடந்தது. அம்மாவும் உடன் உட்கார்ந்தார்.

ஸீட் கம்பி துருப்பிடித்து இறுகி இருந்தது. துரு விடும் எண்ணெய் விட்டு இரவு முழுவதும் ஊற வைத்திருந்தார்கள். திருப்பித் திருப்பி இழுத்ததும் வந்தது. இடது பெடலை அம்மா கழற்றப் பார்த்தார். அசையவில்லை. அதன் மரை தலைகீழ். கடிகார முள் சுற்றும் பக்கமே சுற்றிக் கழற்ற வேண்டும்.

செயினை ஸ்கேலால் அளந்தார்கள். புதுச் செயினில் 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்கும். இதில் கால் அங்குலம் கூடுதலாக இருந்தது. தேய்ந்த செயின் பல் சக்கரத்தையும் தேய்த்துவிடும். புதிது போட்டார்கள். சக்கரத்தின் பால்ஸ்களை எண்ணி எடுத்தார்கள். எண்ணிக்கையை அம்மா நோட்டில் எழுதிக்கொண்டார். டீசலில் கழுவி, கிரீஸ் வைத்து, அதே எண்ணிக்கையில் திரும்பப் போட்டார்கள்.

டயர் வாங்க அம்மாவே போனார். "20 அங்குல டயர்" என்று கேட்டார். கடைப் பையன் ஒன்றை எடுத்து வந்தான். அம்மா கையோடு பழைய டயரைக் கொண்டு போயிருந்தார். அதன் பக்கவாட்டைத் துடைத்துப் படித்தார். 20 × 1.75 என்று இருந்தது. அருகில் 47-406. பையன் கொடுத்ததில் 37-451.

"தம்பி, இது வேற."

"அதுவும் 20தான், இதுவும் 20தான் அக்கா."

"கடைசி மூணு எண்ணைப் பாரு."

பெயர் ஒன்றுதான், அளவு வேறு. 406, 451 என்பவை ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் அளவு, மில்லிமீட்டரில். ஒன்றின் டயர் மற்றதில் நிற்காது. 406 பெரும்பாலும் குழந்தைகள் சைக்கிளிலும் வரும். அதனால் எளிதில் கிடைக்கும். 451 சில கடைகளில்தான் இருக்கும். பழைய சைக்கிள் வாங்கும்போதே இந்த எண்ணைப் பார்ப்பது நல்லது.

அம்மா எழுதிய கணக்கு:

சைக்கிள் – 1,500
டயர், டியூப் (2) – 900
செயின் – 200
பிரேக் கட்டை, கம்பி – 150
பால்ஸ், கிரீஸ் – 100
கூலி – 350

மொத்தம் 3,200 ரூபாய். சிவப்புச் சைக்கிளை விட 200 ரூபாய் அதிகம்.

ஸீட் கம்பியில் ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோடு வெளியே தெரிகிற அளவுக்கு ஸீட்டை உயர்த்தக் கூடாது. உயர்த்தினால் கம்பி முறியும், சட்டமும் பிளக்கும். தினமும் காலையில் அம்மா சைக்கிளை விரித்து, இரண்டு கொக்கியையும் மூடி, பிரேக்கைப் பிடித்து ஒரு முறை அசைத்துப் பார்க்கிறார். பிறகுதான் ஏறுகிறார்.

மெட்ரோ ரயிலில் கொண்டுபோக நினைத்து மடக்கு சைக்கிள் வாங்குபவர்களும் உண்டு. பெங்களூரு மெட்ரோவில் அனுமதி இருக்கிறது. ஆனால் அளவுக் கட்டுப்பாடும் இருக்கிறது. வாங்கும் முன்பே நிலையத்தில் கேட்டுவிடுங்கள்.

செய்து பாருங்கள்

1. ஒரு சைக்கிள் டயரைத் துடைத்து, அதில் உள்ள எண்களைப் படியுங்கள். நோட்டில் எழுதுங்கள்.

2. சட்டத்தின் அடியில் உள்ள எண்ணைக் கண்டுபிடியுங்கள். பில்லில் உள்ள எண்ணும் அதுவும் ஒன்றா?

3. அம்மா கூலி தராமல் தாமே வேலை செய்திருந்தால் மொத்தச் செலவு எவ்வளவு?